காமா கலந்த புலத்தில் நியூட்ரானை அளப்பதற்கான உணரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

நியூட்ரான் தனியாக வருவதில்லை. அமெரிசியம்-பெரிலியம் மூலத்தை எடுத்தால் நியூட்ரானோடு 4.44 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி மெ.எ.வோ.) காமாவும், அமெரிசியத்தின் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கி.எ.வோ.) காமாவும் சேர்ந்தே வருகின்றன. கலிஃபோர்னியம்-252 தன்னிச்சையாகப் பிளவுறும்போது பிளவுக் காமாக்களும் வெளிப்படுகின்றன. மூலத்தில் காமாவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நியூட்ரானைத் தடுக்க நாம் வைக்கும் பாலிஎத்திலீனில் உள்ள ஹைட்ரஜன் அதைக் கவர்ந்து 2.22 மெ.எ.வோ. காமாவை உமிழ்கிறது; போரான் சேர்த்தால் 478 கி.எ.வோ. காமா வருகிறது. ஆகவே நியூட்ரான் உணரியை, அதாவது ஆய்வுக்கூடங்களில் டிடெக்டர் என்றே வழங்கும் கருவியை, வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அது நியூட்ரானை எவ்வளவு திறமையாகப் பிடிக்கிறது என்பதை அன்று. உடன் வரும் காமாவை எந்த அளவுக்குப் புறக்கணிக்கிறது என்பதையே. விலைப்பட்டியலில் உணர்திறன் பெரிய எழுத்தில் இருக்கும். காமா தாங்குதிறன் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

தேர்வைத் தொடங்குமுன் மூன்று செய்திகள் கையில் இருக்க வேண்டும்: அளக்க விரும்பும் அளவு எது, அந்த இடத்தில் நியூட்ரான்களின் ஆற்றல் எந்த வீச்சில் இருக்கிறது, காமா எவ்வளவு, அது தொடர்ந்து வருகிறதா, துடிப்புத் துடிப்பாக வருகிறதா. இம்மூன்றும் தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

எண்ணிக்கையா, டோஸா?

ஓர் இடத்தில் நியூட்ரான் இருக்கிறதா என்று மட்டும் அறிய வேண்டுமானால் எண்ணிக்கை போதும். மனிதர்கள் பணிபுரியும் இடத்தின் பாதுகாப்பை மதிப்பிட வேண்டுமானால் டோஸ் சமானம், அதாவது உடலுக்கு நேரக்கூடிய தீங்கைக் கணக்கில் எடுத்துச் சீவர்ட் அலகில் சொல்லும் அளவு, தேவை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, காமாவை மட்டுமே அளந்து பழகியவர்கள் எதிர்பார்ப்பதைவிடப் பெரியது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஒரு வெப்ப நியூட்ரான் (சுற்றுப்புற வெப்பநிலையின் வேகத்துக்கு மெதுவாகியது) கடந்தால் கிடைக்கும் சூழல் டோஸ் சமானம் ஏறத்தாழ 10.6 பைக்கோசீவர்ட், அதே பரப்பை 1 மெ.எ.வோ. நியூட்ரான் ஒன்று கடந்தால் ஏறத்தாழ 416 பைக்கோசீவர்ட். ஏறக்குறைய 40 மடங்கு வேறுபாடு. பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் வெளியிட்ட 103ஆம் அறிக்கையின்படி, கதிர்வீச்சு எடைக் காரணி காமாவுக்கு எப்போதும் 1. நியூட்ரானுக்கோ குறைந்த ஆற்றலில் 2.5இல் தொடங்கி, 1 மெ.எ.வோ. அருகில் ஏறத்தாழ 20 வரை உயர்ந்து, பிறகு மீண்டும் இறங்குகிறது. எனவே ஆற்றலைக் கருதாமல் வெறுமனே எண்ணிக்கை தரும் கருவியில் சீவர்ட் அளவுகோலை ஒட்டி வைத்தால், அந்த அளவுகோல் அது தரப்படுத்தப்பட்ட ஆற்றலுக்கு மட்டுமே உண்மையாக இருக்கும்.

கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1 மைக்ரோகிராம் கலிஃபோர்னியம்-252 நொடிக்கு ஏறத்தாழ 23 லட்சம் நியூட்ரான்களை உமிழ்கிறது. 1 மீட்டர் தொலைவில் அவை பரவும் கோளத்தின் பரப்பு ஏறத்தாழ 1,25,700 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 18 நியூட்ரான்கள். இந்த மூலத்தின் சராசரி மாற்றுக் காரணி, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நியூட்ரான் தரும் டோஸ் சமானம், 385 பைக்கோசீவர்ட். பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 25 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. எதிர்பார்க்கும் அளவு இது என்று தெரிந்த பிறகுதான், கையில் இருக்கும் கருவி நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை தரும், எவ்வளவு நேரம் காத்திருந்தால் புள்ளியியல் பிழை பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும் என்ற கேள்விகளுக்குப் பொருள் இருக்கிறது.

காமாவைப் பிரிக்கும் இடம் எது?

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் எந்த உணரியும் அதை நேரடியாகக் காண்பதில்லை. அது ஓர் அணுக்கருவைத் தாக்கி வெளியேற்றும் மின்னூட்டத் துகளையே நாம் அளக்கிறோம். மெதுவான நியூட்ரானுக்குப் பழக்கத்தில் உள்ள வினைகள் மூன்று. ஹீலியம்-3 நியூட்ரானைக் கவர்ந்து புரோட்டானும் டிரைட்டானுமாகப் பிரிகிறது; வெளிப்படும் ஆற்றல் 764 கி.எ.வோ., வெப்ப நியூட்ரானுக்கான குறுக்குப்பரப்பு, அதாவது வினை நிகழும் வாய்ப்பின் அளவு, ஏறத்தாழ 5,330 பார்ன். போரான்-10 ஆல்ஃபாவும் லித்தியம்-7உம் ஆகிறது. 94 விழுக்காட்டு வினைகளில் 2.31 மெ.எ.வோ., எஞ்சியவற்றில் 2.79 மெ.எ.வோ., குறுக்குப்பரப்பு 3,840 பார்ன். லித்தியம்-6 டிரைட்டானும் ஆல்ஃபாவும் ஆகிறது, 4.78 மெ.எ.வோ., 940 பார்ன்.

குறுக்குப்பரப்பை மட்டும் பார்ப்பவர் ஹீலியம்-3 குழாயைத்தான் வாங்குவார். வாங்குவதற்கு முன் அதன் துடிப்பு உயர நிறமாலையை ஒருமுறை பொறுமையாகப் பார்க்க வேண்டும். துடிப்புகளை உயரவாரியாகப் பிரித்தெண்ணும் பல்தடப் பகுப்பியில் குழாயை இணைத்து, அருகே பாலிஎத்திலீன் சூழ்ந்த மூலத்தை வைத்தால், வலப்பக்கம் 764 கி.எ.வோ.இல் ஒரு கூர்மையான முகடு எழும். அதற்கு இடப்பக்கம் படிக்கட்டுப் போல இரண்டு விளிம்புகள், 573இலும் 191இலும், தென்படும். வினை குழாயின் சுவரருகே நிகழ்ந்து, புரோட்டான் அல்லது டிரைட்டான் சுவரில் மோதி ஆற்றலை இழந்துவிடுவதால் வரும் படிகள் இவை. 191க்குக் கீழே ஒரு பள்ளம். அதற்கும் இடப்பக்கம் மின்னணு இரைச்சலும் காமாவும் செங்குத்தாக ஏறும் சுவர். எண்ணிக்கையைத் தொடங்கும் வாசல் மதிப்பை இந்தப் பள்ளத்தில் வைக்க வேண்டும். இப்போது சீசியம்-137 மூலம் ஒன்றைக் குழாயின் அருகே சிறிது சிறிதாகக் கொண்டு வாருங்கள். ஒரு காமா விடுவிக்கும் ஓர் எலக்ட்ரான் வாயுவில் சிறிய ஆற்றலையே விட்டுச் செல்கிறது; ஆயினும் காமா வீதம் கூடக்கூடப் பல சிறு துடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இடப்பக்கச் சுவர் வலப்பக்கம் நகர்ந்து, பள்ளத்தை மெல்ல நிரப்புகிறது. பள்ளம் மறைந்த அந்த டோஸ் வீதத்தில், அந்தக் குழாய் நியூட்ரான் உணரியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. நிறுவனம் தரும் எண்ணைவிட இந்த ஒரு மாலை நேரச் சோதனை நம்பகமானது.

போரான் டிரைஃபுளோரைடு குழாயில் அதே படம் வேறு விதமாக அமைகிறது. அங்கு மிகக் கீழான படி லித்தியம் தரும் 0.84 மெ.எ.வோ.; ஹீலியம்-3இன் 191 கி.எ.வோ.ஐவிட நான்கு மடங்குக்கு மேல் உயரத்தில் அது நிற்பதால் பள்ளம் அகலமாக இருக்கிறது. திறன் குறைவு, வேலை மின்னழுத்தம் அதிகம், வாயு நச்சுத்தன்மை உடையது. குழாய் உடைந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். ஆனாலும் காமா மிகுந்த இடத்தில் பழைய போரான் குழாய் புதிய ஹீலியம் குழாயைவிட நேர்மையாக நடந்துகொள்வதைப் பலர் கண்டிருப்பர்.

தாங்குதிறனைத் தோராயமான வரிசையில் இப்படி நினைவில் வைக்கலாம். ஹீலியம்-3 குழாய்கள், உள்ளிருக்கும் துணை வாயுவைப் பொறுத்து, மணிக்கு 0.01 முதல் 0.1 கிரே (பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சு ஆற்றலின் அலகு) வரை தாங்கும். துணை வாயுவாக ஆர்கான் இருந்தால் கீழ் எல்லை, சிறிதளவு கார்பன் டை ஆக்சைடு இருந்தால் மேல் எல்லை. போரான் டிரைஃபுளோரைடு 0.1 கிரே அளவில் எளிதாக இயங்கும். உட்சுவரில் போரான் பூசிய குழாய் 10 கிரே வரை செல்லும். ஆனால் பூச்சின் உள்ளே பிறக்கும் துகள்களில் பல வெளியேறாமலேயே நின்றுவிடுவதால் அதன் திறன் மிகக் குறைவு. உள்ளே யுரேனியம் பூசிய பிளவு அறை 10,000 கிரேயையும் தாண்டும். அதன் திறனோ ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. மறுமுனையில், காமாவைப் பிரிக்கும் வசதி இல்லாத சாதாரண பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் (கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் பொருள்) காமாவுக்கே முதலில் பதில் சொல்லும். திறனும் தாங்குதிறனும் எதிரெதிர்த் திசையில் செல்வதை இந்த வரிசையே காட்டுகிறது.

ஹீலியம்-3 பற்றி இன்னொன்று. இந்த வாயு பெரும்பாலும் அணு ஆயுதங்களுக்காகச் சேமித்த டிரிட்டியம் 12.3 ஆண்டு அரை ஆயுளில் சிதைவதால் கிடைக்கும் துணை விளைபொருள். 2009 வாக்கில் தேவை இருப்பை மீறித் தட்டுப்பாடு வெளிப்பட்டது. பெரிய எண்ணிக்கையில் குழாய்கள் தேவைப்படும் திட்டம் என்றால், போரான் பூசிய குழாய்களையோ லித்தியம் ஃபுளோரைடும் துத்தநாக சல்ஃபைடும் கலந்த தகடுகளையோ தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆற்றல் வீச்சுக்கு ஏற்ற உருவம்

மேலே சொன்ன வினைகள் எல்லாம் மெதுவான நியூட்ரானுக்கே வலுவானவை. வேகம் கூடும்போது குறுக்குப்பரப்பு வேகத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. எனவே வேக நியூட்ரானை அளக்க, அதை மெதுவாக்கும் பாலிஎத்திலீன் தணிப்பானுக்குள் உணரியை வைக்கிறார்கள். தணிப்பானின் தடிமனைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், கருவியின் துலங்கல் மேலே சொன்ன 10.6 முதல் 416 வரையிலான மாற்றுக் காரணியின் வளைவை ஓரளவு பின்பற்றும். ஆண்டர்சன், பிரவுன் ஆகியோர் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய உருளை வடிவமும், லீக் அதே பத்தாண்டில் உருவாக்கிய கோள வடிவமும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ரெம் கவுன்டர் என்று இவற்றைப் பொதுவாக அழைக்கிறோம். பத்துக் கிலோ அளவிலான எடையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் இந்தக் கருவிகள் கேட்கும் முதல் விலை.

இரண்டாவது விலை, வளைவை அவை "ஓரளவு" மட்டுமே பின்பற்றுவது. சில எலக்ட்ரான் வோல்ட் முதல் பத்துகளின் கி.எ.வோ. வரை உள்ள இடைப்பட்ட ஆற்றலில் இவை உண்மையைவிடப் பல மடங்கு கூட்டிக் காட்டும், 10 மெ.எ.வோ.க்கு மேலே குறைத்துக் காட்டும். முதற்பிழை பாதுகாப்பின் பக்கம் சாய்வது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது அப்படியன்று. உயர் ஆற்றல் முடுக்கிகளின் தடுப்புச் சுவருக்கு வெளியே அளக்க வேண்டியவர், தணிப்பானுக்குள் ஈயம் அல்லது டங்ஸ்டன் அடுக்கு வைத்த நீட்டிப்பு வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். கன உலோகத்தின் அணுக்கரு உயர் ஆற்றல் நியூட்ரான் ஒன்றை வாங்கிக்கொண்டு குறைந்த ஆற்றலுள்ள இரண்டு மூன்றைத் திருப்பித் தருவதால் துலங்கல் மேலே நீள்கிறது.

நிறமாலையே தேவையென்றால் பானர் கோளங்கள். 1960-இல் பிராம்பிளெட், யூயிங், பானர் ஆகிய மூவர் வெளியிட்ட இந்த முறையில், 2 அங்குலம் முதல் 12 அங்குலம் வரையிலான பாலிஎத்திலீன் கோளங்களின் நடுவே ஒரே சிறிய உணரியை மாற்றி மாற்றி வைத்து அளக்கிறோம். ஏழெட்டு எண்களிலிருந்து பல தடங்கள் கொண்ட நிறமாலையை மீட்டெடுப்பதால், கணிப்புக்கு நாம் கொடுக்கும் தொடக்க நிறமாலையே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது. எனவே இதில் கிடைக்கும் மொத்த டோஸை நம்பலாம்; முகட்டின் நுண்ணிய வடிவத்தை நம்புவதில் நிதானம் வேண்டும். முதன்முதலில் இந்தக் கோளங்களின் நடுவே இருந்தது யூரோப்பியம் சேர்த்த லித்தியம் அயோடைடு படிகம். அது காமாவையும் நன்றாகவே உணரும் என்பதால், காமா மிகுந்த புலத்தில் சிறிய கோளக் கோர்வைகளுக்கு ஹீலியம்-3 குமிழ் ஒன்றையோ, காமா இன்னும் கடுமையானால் தங்கத் தகட்டையோ நடுவில் வைப்பது நல்லது.

வெப்ப நியூட்ரானின் பங்கை மட்டும் தனியே அறிய விரும்பினால், உணரியை 1 மில்லிமீட்டர் காட்மியம் உறையால் மூடியும் மூடாமலும் இருமுறை அளந்து கழித்தால் போதும். ஏறத்தாழ 0.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ளவற்றைக் காட்மியம் விழுங்கிவிடும். விழுங்கிய பின் அது 558 கி.எ.வோ. காமாவை உமிழும் என்பதை, காமாவுக்கு உணர்வுள்ள படிகத்தோடு வேலை செய்பவர் மறந்துவிடக் கூடாது.

வேக நியூட்ரானும் காமாவும் ஒரே படிகத்தில்

தணிப்பான் ஆற்றல் செய்தியையும் நேரச் செய்தியையும் அழித்துவிடுகிறது. இரண்டும் தேவைப்படுபவருக்குக் கரிமச் சிண்டிலேட்டர்கள் உள்ளன. ஸ்டில்பீன் படிகமும் சைலீன் அடிப்படையிலான திரவச் சிண்டிலேட்டரும் பழையவை; துடிப்பு வடிவத்தால் பிரிக்கக்கூடிய பிளாஸ்டிக்குகள் 2010களில் கடைக்கு வந்தன. வேக நியூட்ரான் ஹைட்ரஜனை மோதிப் பின்னெறியும் புரோட்டான், காமா விடுவிக்கும் எலக்ட்ரானைவிட அடர்த்தியான தடம் பதிப்பதால், அது தரும் ஒளியில் சில நூறு நானோ நொடி நீளும் வால் பகுதி அதிகம். துடிப்பின் வாலுக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதத்தை வரைந்தால் நியூட்ரான்களும் காமாக்களும் இரண்டு பட்டைகளாகப் பிரிந்து நிற்கும்.

படம் அழகாக இருக்கும். ஆனால் பார்க்க வேண்டியது பட்டைகள் கீழே ஒன்றுகூடும் இடத்தை. 1 மெ.எ.வோ. புரோட்டான் தரும் ஒளி, அதில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் தரும் ஒளிக்கே சமம். ஆகவே அரை மெ.எ.வோ.க்குக் கீழே பட்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அங்கு நியூட்ரான் என்று எண்ணப்படுவதில் காமா கலந்திருக்கும். தடுப்புச் சுவருக்கு வெளியே பெரும்பாலான நியூட்ரான்கள் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும் என்பதால், பணியிடக் கண்காணிப்புக்கு இந்த வகை பொருந்தாது. மூலங்களை அடையாளம் காணவும், நியூட்ரான் பறந்து வரும் நேரத்தைக் கொண்டு ஆற்றலைக் காணும் பறத்தல் நேர ஆய்வுக்கும் பொருந்தும். திரவ வகையை வாங்குபவருக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை: பழைய சைலீன் திரவத்தின் தீப்பற்று நிலை 26 டிகிரி செல்சியஸ் அளவு. சென்னையில் குளிரூட்டி நின்றுபோன ஓர் அறை காலை பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். 140 டிகிரிக்கு மேல் தீப்பற்று நிலை கொண்ட திரவங்கள் கிடைக்கின்றன. பிரிக்கும் திறன் சற்றுக் குறைந்தாலும் அவற்றையே வாங்கலாம்.

சீசியம், லித்தியம், இட்ரியம், குளோரின் சேர்ந்த, சீரியம் கலந்த படிகம் இன்னொரு வழி. லித்தியம்-6 வினை 4.78 மெ.எ.வோ. தந்தாலும், கன துகளின் ஒளி குறைவு என்பதால் முகடு காமா அளவுகோலில் 3 மெ.எ.வோ.க்குச் சற்று மேலே அமைகிறது. இயற்கைப் பின்னணியில் வலுவாகத் தெரியும் தாலியம்-208இன் 2.61 மெ.எ.வோ. காமாவுக்கு மேலே அந்த முகடு நிற்பது பெரும் வசதி. ஒரே படிகம் காமா நிறமாலையையும் வெப்ப நியூட்ரான் எண்ணிக்கையையும் தருவதால், எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு ஏற்றது. விலை அதிகம், ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

துடிப்பாக வரும் புலம்: மருத்துவ லினாக்

மேலே சொன்ன அனைத்தும் தொடர்ந்து வரும் புலத்துக்கு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நேரியல் முடுக்கியின் அறையில் கதை மாறுகிறது. 10 மெகாவோல்ட்டும் அதற்கு மேலும் இயங்கும் லினாக்கில், தலைப்பகுதியின் டங்ஸ்டனிலும் ஈயத்திலும் ஃபோட்டான் மோதி நியூட்ரான்களை விடுவிக்கிறது. 6 மெகாவோல்ட்டில் இந்தச் சிக்கல் நடைமுறையில் இல்லை. கதிர் தொடர்ந்து வருவதில்லை. சில மைக்ரோநொடி நீளமுள்ள துடிப்புகள் நொடிக்குச் சில நூறு முறை வருகின்றன.

கைகர் எண்ணியை எடுத்துக்கொண்டு அங்கு நின்றால் என்ன நடக்கும்? ஒரு துடிப்பு 4 மைக்ரோநொடி, நொடிக்கு 200 துடிப்புகள் என்று கொள்வோம். கைகர் குழாய் ஒருமுறை எண்ணிய பின் ஏறத்தாழ 100 மைக்ரோநொடி செயலற்றுக் கிடக்கும். ஆகவே ஒரு துடிப்பில் பத்து ஃபோட்டான் வந்தாலும் பத்தாயிரம் வந்தாலும் அது ஒன்றுதான் எண்ணும். காட்டும் எண் நொடிக்கு 200. அது டோஸ் வீதம் அன்று, முடுக்கியின் துடிப்பு வீதம். கருவியை மூலத்தை நோக்கி இரண்டடி நகர்த்தியும் காட்டும் எண் அசையவில்லை என்றால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது முடுக்கியின் கடிகாரத்தை.

ரெம் கவுன்டருக்கு இங்கு ஒரு இயல்பான உதவி உண்டு. தணிப்பானுக்குள் நுழைந்த நியூட்ரான்கள் உடனே உணரியை அடைவதில்லை. மெதுவாகி, அலைந்து, நூறு மைக்ரோநொடிகளின் அளவில் பரவி வந்து சேர்கின்றன. அதற்குள் காமா வெடிப்பு முடிந்துவிடும். துடிப்பு தொடங்கிய பின் முதல் சில பத்து மைக்ரோநொடிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வசதி மின்னணுவில் இருந்தால் காமாவைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ஆனால் எல்லை உண்டு. மணிக்கு 1 மைக்ரோசீவர்ட்டுக்கு நொடிக்கு ஓர் எண்ணிக்கை தரும் கருவியைச் சிகிச்சை அறையின் நுழைவழியின் (வளைந்த நுழைவுப் பாதை) கதவருகே வைத்து, அங்கு 20 மைக்ரோசீவர்ட் இருந்தால், நொடிக்கு 20 எண்ணிக்கை, அதாவது பத்துத் துடிப்புக்கு ஒன்று. சிக்கலே இல்லை. அதே கருவியைச் சிகிச்சை மையப் புள்ளிக்குக் கொண்டு செல்லுங்கள். ஃபோட்டான் டோஸின் ஒவ்வொரு கிரேக்கும் 1 மில்லிசீவர்ட் நியூட்ரான் என்றும், நிமிடத்துக்கு 6 கிரே என்றும் கொண்டால், மணிக்கு 360 மில்லிசீவர்ட். நொடிக்கு 3,60,000 எண்ணிக்கை. ஒரு துடிப்புக்கு 1,800. இருநூறு மைக்ரோநொடிக்குள் 1,800 நியூட்ரான் சமிக்ஞைகளைப் பிரித்தெண்ணும் குழாய் எதுவும் இல்லை. கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அது உண்மையைவிட வெகு கீழே இருக்கும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது.

அறைக்குள்ளே அளக்க வேண்டுமானால் மின்னணுவை வெளியே விட்டுவிட்டு, மின்னணு இல்லாமலேயே பதிவு செய்து பிறகு படிக்கப்படும் செயலற்ற உணரிகளை எடுத்துச் செல்ல வேண்டும். என் தேர்வு தணிப்பானுக்குள் வைத்த தங்கத் தகடு. தங்கம்-197 நியூட்ரானைக் கவர்ந்து தங்கம்-198 ஆகிறது. அரை ஆயுள் 2.7 நாள், உமிழும் காமா 412 கி.எ.வோ. உயர் ஆற்றல் ஃபோட்டானும் தங்கத்தைத் தாக்கி ஒரு நியூட்ரானைப் பிடுங்கி எறியக்கூடும். ஆனால் அப்போது பிறப்பது தங்கம்-196, அதன் காமாக் கோடுகளில் வலுவானது 356 கி.எ.வோ. ஜெர்மேனியம் உணரியில் இரண்டும் தெளிவாக விலகி நிற்பதால், ஃபோட்டானின் தலையீடு எவ்வளவு என்பதையும் அதே தகடே சொல்லிவிடுகிறது. உடனே விடை வேண்டுமானால் 54 நிமிட அரை ஆயுள் தரும் இண்டியம் நல்லது. அறையிலிருந்து எண்ணும் கருவிக்குப் போகும் வழியில் உணவகத்தில் நிற்க முடியாது என்பதே அதன் குறை.

குமிழி உணரிகளும் அறைக்குள் உதவும். ஜெல்லுக்குள் மிகைவெப்ப நிலையில் இருக்கும் நுண்துளிகளில் நியூட்ரான் மோதிய துளி மட்டும் குமிழியாக விரிகிறது. சாதாரணக் காமா அந்த அளவு ஆற்றலை ஒரே இடத்தில் விடுவதில்லை. குமிழிகளைக் கண்ணால் எண்ணலாம், இருநூறைத் தாண்டினால் ஒன்றை ஒன்று மறைக்கும். வெப்பநிலை ஏறினால் உணர்திறனும் ஏறும் என்பதால், வெப்ப ஈடு செய்யப்பட்ட வகையையே நம் ஊரில் வாங்க வேண்டும்.

கதவருகே இன்னொரு கவனம் வேண்டும். நுழைவழியில் வந்து சேரும் நியூட்ரான்கள் கான்கிரீட்டில் கவரப்பட்டு உயர் ஆற்றல் காமாவைப் பிறப்பிக்கின்றன. எனவே அங்கு ரெம் கவுன்டரோடு, காமாவுக்கு ஓர் அயனியாக்க அறையும் சேர்த்து இரண்டையும் தனித்தனியே பதிவு செய்து கூட்ட வேண்டும்.

அணு உலையின் உள்ளும் அருகும்

உலையின் மையத்தில் காமா மிகக் கடுமையாக இருக்கும். அங்கு பிளவு அறைதான் வழி. யுரேனியம்-235 பூச்சில் நிகழும் ஒரு பிளவின் துண்டுகள் 160 மெ.எ.வோ. அளவில் ஆற்றலைச் சுமப்பதால், காமாத் துடிப்புகள் எவ்வளவு குவிந்தாலும் அந்த உயரத்தை எளிதில் எட்டுவதில்லை. துடிப்புகளைத் தனித்தனியே எண்ண முடியாத அளவுக்குத் திறன் உயர்ந்த பின், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்கிறார்கள். பிளவுத் துடிப்பின் மின்னூட்டம் காமாவினுடையதைவிட நூறு மடங்கு என்றால், வர்க்கத்தில் பத்தாயிரம் மடங்கு ஆகிவிடும். காமா தானாகவே அமுங்கும். இடைப்பட்ட திறனுக்கு ஈடுசெய்த அயனியாக்க அறை உண்டு: சமமான இரு அறைகளில் ஒன்றில் மட்டும் போரான் பூசி, இரண்டின் மின்னோட்டங்களையும் எதிரெதிராக இணைத்தால் காமாவின் பங்கு கழிந்துவிடும். வெளி மின்னழுத்தம் இல்லாமலேயே மின்னோட்டம் தரும் தற்திறன் உணரிகளில் ரோடியம் வலுவான சமிக்ஞை தரும், ஆனால் 42 நொடி அரை ஆயுளால் பின்தங்கும். கோபால்ட் உடனே பதிலளிக்கும், ஆனால் சமிக்ஞை மெலிது. பாதுகாப்பு நிறுத்தத்துக்கு ரோடியத்தை நம்பக் கூடாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

கல்பாக்கத்தில் யுரேனியம்-233 எரிபொருளில் 30 கிலோவாட் திறனில் இயங்கும் காமினி உலையின் நியூட்ரான் கற்றை, கதிர்வீச்சுக்கு உள்ளான எரிபொருளைப் படம் பிடிக்கவும் பயன்படுகிறது. படம் பிடிக்கப்படும் பொருளே காமாவைக் கொட்டுவதால், அத்தகைய வேலையில் ஃபிலிமை நேரடியாக வைத்தால் அது காமாவால் கறுத்துவிடும். ஆகவே டிஸ்புரோசியம் அல்லது இண்டியம் தகட்டைக் கற்றையில் வைத்து நியூட்ரான் படத்தை அதில் கதிரியக்கமாகப் பதித்து, தகட்டை வெளியே எடுத்து, பிறகு ஃபிலிமோடு ஒட்டி வைக்கும் மறைமுக முறையே இத்தகைய பொருளுக்கு உரியது. தகடு காமாவைப் பதிவு செய்வதே இல்லை. செயலற்ற உணரியின் பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

உடலில் அணியும் உணரி

பணியாளர் அணிவதற்கு நம் நாட்டில் பழகியது சி.ஆர்.-39 பிளாஸ்டிக். பின்னெறியப்பட்ட புரோட்டான் அதில் பதிக்கும் சேதத்தைச் சூடான காரக் கரைசலில் அரித்துப் பெரிதாக்கி, நுண்ணோக்கியில் குழிகளாக எண்ணுகிறார்கள். காமாவுக்கு அது குருடு. அதுவே அதன் சிறப்பு. ஏறத்தாழ 100 கி.எ.வோ.க்குக் கீழே உள்ள நியூட்ரானுக்கும் அது குருடு. பக்கவாட்டில் வரும் நியூட்ரானைக் குறைத்தே காட்டும். சேமிப்பறையில் ரேடான் இருந்தால் அதன் ஆல்ஃபாத் துகள்களும் குழிகளைச் சேர்க்கும்.

லித்தியம்-6 செறிவூட்டிய டி.எல்.டி. (ஏற்ற டோஸைச் சூடாக்கும்போது ஒளியாக வெளியிடும் படிகம்) ஒன்றையும் லித்தியம்-7 மட்டும் கொண்ட டி.எல்.டி. ஒன்றையும் அருகருகே வைத்துக் கழிக்கும் முறை மலிவானது, பரவலானது. கலப்புப் புலத்தில் கழித்தல் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். முதலாவது 1,050, இரண்டாவது 1,000 காட்டுகின்றன. ஒவ்வொன்றிலும் 3 விழுக்காட்டுப் பிழை. வேறுபாடு 50, அந்த வேறுபாட்டின் பிழை ஏறத்தாழ 43. நியூட்ரான் இருந்ததா இல்லையா என்றுகூட இதை வைத்துச் சொல்ல முடியாது. காமா சிறிதாக இருக்கும் இடத்தில் மட்டுமே இந்த இணை பொருந்தும். உடல் திசுவை ஒத்த பொருளாலான திசு நிகர் அறையையும் நியூட்ரானுக்கு உணர்வு குறைந்த மெக்னீசிய அறையையும் இணைத்து அளக்கும் இரட்டை அறை முறைக்கும் இதே நிபந்தனை உண்டு. மொத்த டோஸையும் அதன் தரத்தையும் ஒரே கருவியில் பெற விரும்புபவர், நுண்ணிய திசுப் பகுதியை வாயுவால் பாவனை செய்யும் திசு நிகர் விகிதாசார எண்ணியை நாடலாம். அது ஒவ்வொரு நிகழ்வையும் நீள ஆற்றலின்படி, அதாவது அலகு நீளத்தில் விடப்படும் ஆற்றலின்படி, பிரிப்பதால், ஒரு மைக்ரோமீட்டருக்கு 10 கி.எ.வோ. அளவில் கோடிட்டுக் காமாவையும் நியூட்ரானையும் ஏறத்தாழப் பிரித்துவிடலாம். பராமரிப்பு கடினம், ஆய்வகத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்பவர்கள் சிலரே.

வாங்கிய பின்

பெரும்பாலான கருவிகள் அமெரிசியம்-பெரிலியம் அல்லது வெற்றுக் கலிஃபோர்னியம் மூலத்தில் தரப்படுத்தப்பட்டு வருகின்றன. முதலாவதன் சராசரி ஆற்றல் 4.16 மெ.எ.வோ., இரண்டாவதன் சராசரி 2.13 மெ.எ.வோ. லினாக் கதவருகே வரும் நியூட்ரான்களோ பெரும்பாலும் 100 கி.எ.வோ. அளவிலும் அதற்குக் கீழும் இருப்பவை. எனவே தரச் சான்றிதழில் உள்ள காரணி அந்தக் கதவுக்குப் பொருந்தாது. கனநீரால் மெதுவாக்கிய கலிஃபோர்னியத்தில் தரப்படுத்தித் தரச் சொல்லிக் கேட்பதோ, பானர் கோளங்களால் அந்த இடத்தை ஒருமுறை அளந்து இடத்துக்குரிய திருத்தக் காரணியைக் கண்டு வைத்துக்கொள்வதோ தேவை.

கருவி வந்து சேர்ந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. உங்கள் பணியிடத்தில் எதிர்பார்க்கும் மிக உயர்ந்த காமா டோஸ் வீதத்தைச் சீசியம் அல்லது கோபால்ட் மூலத்தால் உருவாக்கி, நியூட்ரான் மூலம் எதுவும் அருகில் இல்லாமல் கருவியைப் பத்து நிமிடம் அதில் வையுங்கள். எண்ணிக்கை பின்னணியைவிட உயரக் கூடாது. பிறகு காமா மூலத்தை எடுக்காமலேயே சிறிய நியூட்ரான் மூலத்தைச் சேர்த்து அளந்து, காமா மூலத்தை அகற்றி மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு எண்களும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். முதற்சோதனையை மட்டும் செய்துவிட்டு நிற்பவர்கள் பலர். காமா சேர்ந்தபோது எண்ணிக்கை குறையும் கருவிகளும் உண்டு; துடிப்புகள் குவிந்து மின்னணு திணறுவதால் அப்படி நேர்கிறது, அதை முதற்சோதனை காட்டிக்கொடுக்காது. இரண்டு சோதனைகளின் எண்களையும், வாசல் மதிப்பையும், மின்னழுத்தத்தையும் கருவியின் பெட்டிக்குள் ஓர் அட்டையில் எழுதி ஒட்டி வைத்தால், அடுத்த ஆண்டு வாசல் நகர்ந்திருக்கிறதா என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.